இல்லாத நாடாவுக்குக் கட்டும் பொதி

லினக்ஸ் கணினி வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையை இரண்டே நிமிடத்தில் செய்து பார்க்கலாம். புதிய கோப்பு ஒன்றைத் திறந்து ‘வணக்கம்’ என்று மட்டும் எழுதிச் சேமியுங்கள். கோப்பின் அளவு 21 பைட். இன்றைய யூடிஎஃப்-8 குறிமுறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் இடம் பிடிக்கும். வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என்று இங்கே ஏழு குறிகள். சில எழுதிகள் வரி முடிவுக்கென்று ஒரு பைட் கூட்டிவிடும், அதை விட்டுவிடுவோம். இப்போது ‘டார்’ என்ற நிரலைக் கொண்டு இந்த ஒரே கோப்பைப் பொதியாகக் கட்டுங்கள். கட்டிய பொதியின் அளவு 10,240 பைட்.

ஒரு கைப்பிடி வேர்க்கடலையைப் பொட்டலம் கட்டித் தரச் சொன்னால், கடைக்காரர் கோணிச் சாக்கு ஒன்றை எடுத்து வந்து அதன் அடியில் கடலையைக் கொட்டி வாயைத் தைத்துத் தருவது போல இருக்கிறது. இத்தனைக்கும் உலகத்தின் மென்பொருளில் பெரும்பங்கு இந்தப் பொதிக்குள்தான் பயணம் செய்கிறது. லினக்ஸின் மூலநிரல் இந்த வடிவத்தில்தான் வெளியிடப்படுகிறது. மேகக் கணினிகளில் ஓடும் டாக்கர் பிம்பங்களின் ஒவ்வோர் அடுக்கும் ஒரு டார் பொதி. அப்படியிருக்க, 21 பைட்டுக்கு ஏன் 10,240?

விடை கணினிக்குள் இல்லை. இன்று பெரும்பாலானோர் கண்ணால்கூடப் பார்த்திராத ஒரு பொருளில் இருக்கிறது: அரை அங்குல அகலமுள்ள காந்த நாடா. டார் என்ற பெயரே ‘நாடாக் காப்பகம்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்திலிருந்து 1979 ஜனவரியில் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் அது அறிமுகமானது.

அந்த நாடா எப்படி வேலை செய்தது என்று தெரிந்துகொண்டால் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும். வட்டில் எழுதுமுனை தேவையான இடத்துக்குத் தாவிப் போகலாம். நாடாவில் அது முடியாது. கிணற்றுக் கயிறு போல முதலிலிருந்து கடைசிவரை இழுத்துத்தான் ஆக வேண்டும். எழுதும்போது நாடா ஒரே சீரான வேகத்தில் ஓட வேண்டும். ஒரு கற்றைத் தகவலை எழுதியதும் நிற்கும். அடுத்த கற்றை தயாரானதும் மீண்டும் கிளம்பும். கிளம்பி முழு வேகம் பிடிக்கவும், வேகம் குறைந்து நிற்கவும் கொஞ்சம் நாடா ஓடித் தீர வேண்டும் அல்லவா? அதற்காக இரண்டு கற்றைகளுக்கு நடுவே 0.6 அங்குல நீளத்துக்கு எதுவும் எழுதாத இடைவெளி விடப்பட்டது.

அக்கால யூனிக்ஸ், வட்டில் தகவலை 512 பைட் கொண்ட துண்டங்களாகத்தான் கையாண்டது. அதே துண்டத்தை அப்படியே நாடாவில் எழுதினால் என்ன ஆகும்? அங்குலத்துக்கு 1,600 பைட் கொள்ளும் நாடாவில் ஒரு துண்டம் 0.32 அங்குலம் பிடிக்கும். அதைத் தொடர்ந்து 0.6 அங்குலம் வெற்றிடம். எழுதியதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வீண். 2,400 அடி நீளமுள்ள ஒரு சுருளில் இப்படி எழுதினால் சுமார் 16 மெகாபைட்தான் கொள்ளும். இருபது துண்டங்களை ஒரே கற்றையாகச் சேர்த்து எழுதினாலோ, 6.4 அங்குலம் எழுத்து, 0.6 அங்குலம் இடைவெளி. அதே சுருளில் சுமார் 42 மெகாபைட் ஏறிவிடும். கணக்கு போட்டுப் பார்த்தால் யாருக்கும் விளங்கும் சிக்கனம் இது. இருபது துண்டம் என்பது 20 × 512, அதாவது 10,240 பைட். உங்கள் ‘வணக்கம்’ ஏறியிருப்பது இல்லாத நாடாவின் ஒரு முழுக் கற்றையில்.

கற்றைக்குள் என்ன இருக்கிறது என்பதற்குச் சரக்கு ரயிலை நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பெட்டியின் பக்கத்திலும் அதில் என்ன சரக்கு, எங்கே போகிறது என்று சொல்லும் சீட்டு ஒன்று செருகியிருக்கும். டார் பொதியிலும் ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் சரியாக 512 பைட்டில் ஒரு சீட்டு உண்டு. நூல்கள் இதைத் தலைப்பகுதி என்கின்றன. நான் முகச்சீட்டு என்றே சொல்கிறேன், செய்யும் வேலைக்கு அந்தப் பெயர் பொருந்துகிறது. முகச்சீட்டுக்கு அடுத்து கோப்பின் உள்ளடக்கம். அது 512-இன் மடங்காக இல்லாவிட்டால் மீதி இடம் சுழியால் நிரப்பப்படும். 1,330 பைட் உள்ள கோப்புக்கு மூன்று துண்டம் வேண்டும். கடைசித் துண்டத்தில் 206 பைட் சுழி. அடுத்த கோப்பின் முகச்சீட்டு அதன்பின் தொடங்கும். ரயில் முழுக்க இவ்வளவுதான்: சீட்டு, சரக்கு, சீட்டு, சரக்கு.

இதை யார் சொல்லியும் நம்ப வேண்டியதில்லை. பைட்டுகளை உள்ளபடி திரையில் காட்டும் ஹெக்ஸ்டம்ப் போன்ற சிறு நிரல் எல்லா யூனிக்ஸ் வகைக் கணினிகளிலும் இருக்கிறது. நமது பொதியை அதில் திறந்தால் முதல் 100 பைட் கோப்பின் பெயருக்கு. அடுத்த 8 பைட்டில் 0000644 என்று தெரியும்; அது யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்ற அனுமதி. அடுத்தடுத்த எட்டு எட்டு பைட்டில் உரிமையாளர் எண், குழு எண். பிறகு அளவுக்கென்று 12 பைட். அங்கே 00000000025 என்று எழுதியிருக்கும்.

கோப்பு 21 பைட் ஆயிற்றே, 25 எங்கிருந்து வந்தது?

இது பத்தடிமான 25 அல்ல. எட்டடிமானத்தில் எழுதிய எண். நாம் பத்துப் பத்தாகக் கட்டி எண்ணுவது போல, இங்கே எட்டு எட்டாகக் கட்டி எண்ணுகிறோம். இரண்டு எட்டும் ஓர் ஐந்தும் சேர்ந்தால் 21. கணினி இரும எண்களில் வேலை செய்வதால், மூன்று இரும இலக்கங்களை ஒன்றாகப் பிடித்தால் சரியாக ஓர் எட்டடிமான இலக்கம் கிடைக்கும். அனுமதி எண்ணின் 644-ஐயும் இப்படித்தான் படிக்க வேண்டும். படிக்க 4, எழுத 2, இயக்க 1. உரிமையாளருக்கு 6 என்றால் படிக்கவும் எழுதவும் உரிமை. குழுவுக்கும் மற்றவர்க்கும் 4, படிக்க மட்டும்.

எட்டடிமானத்தைவிட எனக்கு வியப்பாக இருப்பது வேறொன்று. இந்த எண்கள் கணினி நேரடியாகப் புரிந்துகொள்ளும் இரும வடிவில் வைக்கப்படவில்லை. தாளில் எழுதுவது போல ‘0’, ‘2’, ‘5’ என்ற எழுத்துக் குறிகளாகவே வைக்கப்பட்டிருக்கின்றன. இடம் கூடுதலாகச் செலவாகும் முறை இது. ஆனாலும் காரணம் உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட பைட் நீளமுள்ள இரும எண்ணை எல்லாக் கணினிகளும் ஒரே வரிசையில் எழுதுவதில்லை. யூனிக்ஸ் வளர்ந்த பிடிபி-11 கணினி 16 பிட் எண்ணில் சிறிய பாதியை முதலில் எழுதும். ஐபிஎம்மின் பெருங்கணினிகள் பெரிய பாதியை முதலில் எழுதும். 03-04 என்று தேதி போட்டிருந்தால் ஏப்ரல் 3 என்று நாம் படிப்போம், மார்ச் 4 என்று அமெரிக்கர் படிப்பார்; அதே குழப்பம். எழுத்துகளாக எழுதிவிட்டால் அந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. ஒரு கணினியில் கட்டிய பொதியை அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு கணினியில் பிரிக்க முடிந்ததற்கு இந்த முடிவு ஒரு பெரிய காரணம்.

12 பைட்டில் கடைசி ஒன்று முடிவுக்குறிக்குப் போக, அளவை எழுத 11 இலக்கம். அதில் அடங்கும் மிகப் பெரிய அளவு 8 கிகாபைட்டுக்கு ஒரு பைட் குறைவு. முழுச் சுருளே 42 மெகாபைட் கொள்ளும் காலத்தில் இது எட்டாத உயரமாக இருந்திருக்கும். இன்று ஒரு திரைப்படக் கோப்பே அதைத் தாண்டலாம். கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட நேரமும் இதே போல 11 இலக்கத்தில், 1970 ஜனவரி 1 முதல் கழிந்த நொடிகளாக எழுதப்படுகிறது. அந்த இலக்கங்கள் 2242-ஆம் ஆண்டில் தீரும்.

அளவுக்கும் நேரத்துக்கும் அடுத்து வருவது, எனக்கு முகச்சீட்டில் மிகவும் பிடித்த பகுதி: சரிபார்ப்புக் கூட்டல். மளிகைக் கடைப் பேரேட்டில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை போடுவார்கள். நடுவில் ஓர் எண் கரைந்துபோனால் தொகை காட்டிக் கொடுத்துவிடும். முகச்சீட்டிலும் அப்படியே. 512 பைட்டுகளின் மதிப்பையும் கூட்டி, வந்த விடையை அதே சீட்டில் எழுத வேண்டும். எழுதத் தொடங்கும்போதுதான் சிக்கல் தெரியும். விடையை எழுதும் இடமும் அந்த 512-க்குள்தானே இருக்கிறது? எழுதினால் கூட்டுத்தொகை மாறும், மாறினால் மறுபடி எழுத வேண்டும். இதற்கு வைத்த தீர்வு எளிது. கூட்டும்போது, விடைக்கான அந்த 8 பைட்டிலும் வெற்று இடக்குறி இருப்பதாகப் பாவித்துக்கொள்ள வேண்டும். இடக்குறியின் மதிப்பு 32; எட்டு சேர்ந்தால் 256. எழுதுபவரும் படிப்பவரும் இப்படியே கூட்டினால் விடை ஒத்துப்போகும். எல்லாப் பைட்டும் உச்ச மதிப்பான 255 என்று வைத்துக்கொண்டாலும் கூட்டுத்தொகை 1,30,560 தான், எட்டடிமானத்தில் 377000. ஆறு இலக்கத்துக்குள் எந்தக் கூட்டலும் அடங்கிவிடும் என்பதால், உண்மையிலேயே ஆறு இலக்கம்தான் அங்கே எழுதப்படுகிறது.

இதன் குறையையும் சொல்ல வேண்டும். ஒரு பைட் ஒன்று கூடி இன்னொரு பைட் ஒன்று குறைந்தால் தொகை மாறாது, பிழை தப்பிவிடும். அதைவிடப் பெரியது, இந்தக் கூட்டல் முகச்சீட்டை மட்டுமே காக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் சரக்கு கெட்டுப்போனால் டாருக்குத் தெரியாது. முக்கியமான கோப்புகளை டாரில் கட்டி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இதை மனத்தில் கொள்வது நல்லது. உள்ளடக்கத்துக்கென்று வேறொரு சரிபார்ப்பைத் தனியாக எடுத்து வைத்தே ஆக வேண்டும்.

ரயிலின் கடைசிப் பெட்டியின் பின்புறத்தில் ‘எல்வி’ என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். கடைசி வண்டி என்று பொருள். அந்தப் பலகை கண்ணில் படாவிட்டால், வண்டியின் ஒரு பகுதி வழியில் கழன்றுவிட்டதோ என்று நிலைய ஊழியர் உஷாராவார். டார் பொதியின் எல்வி பலகை, முழுக்கச் சுழியால் ஆன இரண்டு துண்டங்கள். இப்போது முதல் புதிரை முழுதாக அவிழ்த்துவிடலாம். முகச்சீட்டு 512, ‘வணக்கம்’ உட்கார்ந்திருக்கும் துண்டம் 512, முடிவுப் பலகை 1,024. ஆகக் கூடி 2,048 பைட். மீதி 8,192 பைட்டும் கற்றையை நிரப்ப வைத்த சுழி. இந்தப் பொதியை ஜிசிப் போன்ற சுருக்கியில் கொடுத்தால் முந்நூறு பைட்டுக்குள் ஒடுங்கிவிடும். ஒரே சுழி வரிசையாக வந்தால் ‘இத்தனை சுழி’ என்று சொல்லிவிட்டால் போதுமே.

பொதியின் முன்னாலோ பின்னாலோ பொருளடக்கம் கிடையாது என்பதைக் கவனித்தீர்களா? டாருக்கு முன்பு யூனிக்ஸில் இருந்த டிபி என்ற நிரல் நாடாவின் தலைப்பில் ஒரு பட்டியல் வைத்தது. பட்டியலுக்கு இவ்வளவு இடம் என்று முன்பே ஒதுக்கியதால் எத்தனை கோப்பு ஏற்றலாம் என்பதற்கும் வரம்பு இருந்தது. 1989-இல் வந்த சிப் வடிவம் பொருளடக்கத்தைக் கோப்பின் கடைசியில் வைக்கிறது. டாரில் எங்கும் இல்லை. ஆயிரமாவது கோப்பு எங்கே என்று தெரிய, முதல் சீட்டைப் படித்து, அளவைப் பார்த்து, அத்தனை துண்டம் தாண்டி, அடுத்த சீட்டைப் படித்து, இப்படியே 999 முறை போக வேண்டும். பொதி சுருக்கப்பட்டிருந்தால் தாண்டக்கூட முடியாது. அதுவரை உள்ள எல்லாவற்றையும் விரித்தாக வேண்டும்.

இந்த இழப்புக்குக் கிடைத்த பலன் பெரிது. பொருளடக்கம் எழுத வேண்டுமானால் எல்லாச் சரக்கும் முன்னதாகத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது கடைசிவரை காத்திருக்க வேண்டும். டார் எதற்கும் காத்திருப்பதில்லை. ஒரு பக்கம் கோப்புகளைப் படித்துக்கொண்டே மறு பக்கம் பொதியைக் கட்டி அனுப்பிக்கொண்டிருக்கும். வாங்குகிற கணினி வர வரப் பிரித்துக்கொண்டிருக்கும். நடுவில் முழுப் பொதி எங்கும் சேமிக்கப்படாமலே ஒரு கணினியின் கோப்புகள் வலையமைப்பு வழியாக இன்னொன்றுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நாடா திரும்பிப் பார்க்காது என்ற கட்டாயத்துக்காகச் செய்த அமைப்பு, திரும்பிப் பார்க்க முடியாத இன்றைய வலையமைப்புக்கு அப்படியே பொருந்திப் போயிற்று.

சேதத்திலும் இது உதவுகிறது. சுருக்கப்படாத பொதியின் நடுவில் ஒரு முகச்சீட்டு கெட்டுப்போனால், லினக்ஸில் உள்ள குனூ டார் அடுத்தடுத்த துண்டங்களைப் பார்த்துக்கொண்டே போய், கூட்டல் ஒத்துப்போகும் அடுத்த சீட்டிலிருந்து வேலையைத் தொடரும். ஒரு பெட்டி போகும், ரயில் போகாது. ஜிசிப்பால் சுருக்கிய பொதியில் நடுவே சேதம் ஏற்பட்டால் அதன்பின் உள்ள எதையும் மீட்பது கடினம்.

சேர்ப்பதும் கடைசியில்தான். ஏற்கெனவே பொதியில் உள்ள கோப்பின் புதிய பிரதியைச் சேர்த்தால் பழையது அழியாது. அதே பெயரில் இன்னொரு பெட்டி பின்னால் கோக்கப்படும். பிரிக்கும்போது முதலில் பழையது வெளிவந்து, பிறகு புதியது அதன்மேல் எழுதப்படும். எனவே கடைசியாக வந்ததே நிற்கும். டாக்கர் அடுக்குகளிலும் இதே மனப்பாங்கு. கீழடுக்கில் உள்ள கோப்பை நீக்க வேண்டுமானால், அதை யாரும் போய் அழிப்பதில்லை. ‘இது நீக்கப்பட்டது’ என்று பெயராலேயே சொல்லும் ஒரு வெற்றுக் கோப்பை மேலடுக்குப் பொதியில் வைக்கிறார்கள்.

முதல் முகச்சீட்டு 512 பைட் என்றாலும், அதில் எழுதியிருந்தது 257 பைட் மட்டும்தான். மீதி 255 பைட் சும்மா கிடந்தது. 1988-இல் யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்குப் பொதுத் தரம் வகுத்த போசிக்ஸ் குழு அந்த வெற்றிடத்தில் புதிய தகவல்களை வைத்தது. அந்த 257 பைட்டை அடுத்து ‘யுஸ்டார்’ என்ற ஐந்து ஆங்கில எழுத்து முத்திரை, பிறகு உரிமையாளரின் பெயர், குழுவின் பெயர், இன்னும் சில. பழைய நிரல் அந்தப் பகுதியைப் பார்ப்பதே இல்லை; அதற்கு எதுவும் மாறவில்லை. புதிய நிரல் முத்திரையைக் கண்டால் மேலும் படிக்கும். பெரும்பாலான கோப்பு வடிவங்கள் முதல் சில பைட்டிலேயே தங்கள் முத்திரையை வைத்திருக்க, டாரின் முத்திரை மட்டும் நடுவில் ஒளிந்திருப்பது இதனால்தான்.

அந்த வெற்றிடத்தில் 155 பைட், பெயரின் முன்பகுதிக்கு ஒதுக்கப்பட்டது. தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பவருக்கு இது எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். குறளை அதிகாரம் அதிகாரமாகப் பிரித்து வைக்கிறீர்கள்: திருக்குறள்/அறத்துப்பால்/விருந்தோம்பல். நம் கணக்கில் இருபதே எழுத்து, இரண்டு சாய்கோடு. கணினிக் கணக்கிலோ 33, 36, 39 பைட், சாய்கோட்டுக்கு இரண்டு, ஆக 110. பழைய முகச்சீட்டின் 100 பைட்டில் இது அடங்காது. இதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் ஏறத்தாழ 35 பைட்டில் முடிந்துவிடும். 1979-இல் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்று எண்ணி வைத்த 100, நமக்கு 33 குறிதான். 1988-இன் முறையில் சாய்கோடு உள்ள இடத்தில் பாதையை வெட்டி, முன்பாதியை 155-லும் பின்பாதியை 100-லும் வைத்துவிடலாம். ஆனால் ஒற்றைக் கோப்பின் பெயரே நீளமாக இருந்தால் அதுவும் உதவாது.

பெயரைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கை. பாதையில் ‘மேல் கோப்புறைக்குப் போ’ என்று பொருள்படும் இரட்டைப் புள்ளிகளை யாரேனும் வேண்டுமென்றே வைத்திருந்தால், பொதியைப் பிரிக்கும்போது கோப்பு நீங்கள் நினைத்த இடத்துக்கு வெளியே போய் விழும். பைத்தான் மொழியின் டார் நூலகத்தில் இந்த ஓட்டை 2007-லேயே பதிவானது; பிரிக்கும்போது வடிகட்டும் வசதி 2023-இல்தான் சேர்ந்தது.

நீளப் பெயருக்கு முழுத் தீர்வு 2001-இன் போசிக்ஸ் தரத்தில் வந்தது. அதற்குப் பாக்ஸ் என்று பெயர். முகச்சீட்டில் இடம் போதவில்லையா? இன்னொரு பெட்டியைக் கோத்துவிடு, அதற்குள் வேண்டிய அளவு எழுது. அசல் கோப்புக்கு முன்னால், ‘எக்ஸ்’ என்ற வகைக்குறியோடு ஒரு துணைக் கோப்பு வரும். அதன் உள்ளடக்கம் எளிய உரை. ஒவ்வொரு வரியும் தன் நீளத்தை முதலில் சொல்லிவிட்டு, பிறகு தகவலின் பெயர், சமக்குறி, மதிப்பு என்று போகும். நீளத்தில் அந்த நீள எண்ணும் சேர்த்தி. நம் குறள் பாதைக்கு 110 பைட், ‘பாத்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் சமக்குறிக்கும் 5, இடக்குறி ஒன்று, வரி முடிவு ஒன்று, நீள எண்ணின் மூன்று இலக்கம், மொத்தம் 120. நீளத்துக்கு இங்கே வரம்பு இல்லை. எழுத்து யூடிஎஃப்-8 என்று தரமே சொல்லிவிட்டதால் தமிழுக்குத் தனியாக ஏற்பாடு எதுவும் வேண்டாம். 8 கிகாபைட்டைத் தாண்டும் அளவையும் இதே வழியில் பத்தடிமானத்தில் எழுதிவிடலாம்.

பாக்ஸ் அறியாத பழைய நிரல் ஒன்று இந்தப் பொதியைப் பிரித்தால் என்ன ஆகும்? தெரியாத வகைக்குறியைக் கண்டால் அதைச் சாதாரணக் கோப்பாகவே எடுத்து வை என்பது விதி. எனவே அசல் கோப்பு வெட்டுப்பட்ட பெயரோடு வெளிவரும். பக்கத்தில் யாரும் கேட்காத ஒரு சிறு கோப்பும் இருக்கும். அதைச் சாதாரண எழுதி ஒன்றில் திறந்தால், 120 என்ற எண்ணுக்கும் அந்த ஆங்கிலச் சொல்லுக்கும் பின்னால், ஓர் எழுத்துகூடக் குறையாமல் எழுதியிருக்கும்: திருக்குறள்/அறத்துப்பால்/விருந்தோம்பல்.